காலியாக இருந்த தட்டு

வியாழன், இரவு.

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

மிளகாய்ப் பழத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு எந்த இலை மருந்தாகும் என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. போன வாரம் பூஞ்சை வளர்க்க உதவும் அகர் கூழில் ஒவ்வோர் இலைச்சாறாகக் கலந்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, நடுவில் பொட்டு அளவு பூஞ்சை வைத்தேன். சாறு சேர்க்காத தட்டில் இப்போது விளிம்பு வரை பஞ்சுபோலப் பூஞ்சை. துளசித் தட்டில் பாதி.

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால், பாத்திரம் கழுவும் மல்லிகா அக்கா கையில் என் நொச்சித் தட்டு. குழாய் ஓடுகிறது.

“அக்கா, கழுவாதீங்க!”

“இதுல ஒண்ணுமே இல்லியேம்மா. காலியா கீதேன்னு எடுத்தேன்.”

பிடுங்காத குறையாக வாங்கினேன். பூஞ்சை வைக்கவே மறந்துவிட்டேனோ? போன மாதம் அப்படி மறந்து, பேராசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தானே நான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் அதே பொட்டு. ஓர் இழைகூட வளரவில்லை!

“அக்கா, இது நீங்க அயனம்பாக்கம் ஏரிக்கரையில பறிச்சிட்டு வந்த நொச்சி.”

“அய்ய, என் எலையா? நானே கழுவி ஊத்தியிருப்பேனே!” இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

பூஞ்சை செத்துவிட்டதா, தூங்குகிறதா? அந்தப் பொட்டைச் சாறில்லாத புதுத் தட்டுக்கு மாற்றியிருக்கிறேன். அங்கேயும் வளராவிட்டால்... வேண்டாம், இப்போதே எழுதக் கூடாது.

மாலையில் கிளம்பும்போது பார்த்தேன். புதுத் தட்டின் மூடியில் அக்காவின் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு: “காலியா கீதுன்னு யாரும் கழுவக் கூடாது. மல்லிகா.”