மாப்பிள்ளை படுக்கக் கூடாது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், அதாவது அவர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார், நான் மூன்று வேளையும் சமைக்கிறேன். நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த இரண்டு மாதமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் ஃபோனை எடுக்கவில்லை, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை, சார்ஜ் இல்லை சிக்னல் இல்லை என்று உன் அப்பா சொன்னதெல்லாம் பொய், அவருக்கு ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்ல வராது. இப்போதும் பேசினால் பாதியில் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு அடிபட்ட கதையை உன் அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய், அவர் சொன்னால் அதற்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது, ஆகையால் நான் முதலிலிருந்து சொல்கிறேன். பெண்பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு மாப்பிள்ளையாவது இருக்கட்டும் என்று நம் வண்டிக் குதிரைக்கு நீ வைத்த பெயர், அதுவும் அதற்கேற்ற மாதிரிதான் இத்தனை வருஷமாக நடந்துகொண்டது, நின்ற இடத்துக்குச் சாப்பாடு வர வேண்டும், வந்த புல்லை மோந்து பார்த்து முகத்தைத் திருப்ப வேண்டும். அன்றைக்கு ஏரியைச் சுற்றிச் சவாரி முடித்துவிட்டு வரும் வழியில், மார்க்கெட் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு உன் அப்பா பேப்பர் வாங்கப் போயிருக்கிறார், போனவர் பேப்பர்க்காரனோடு நாட்டு நடப்பை எல்லாம் சரிசெய்து முடிப்பதற்குள் ஒரு லாரிக்காரன், கண்ணாடியைப் பார்க்காமல் கையிலிருந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்து, மாப்பிள்ளையின் பின்னங்காலில் இடித்துவிட்டான். இடித்தவன் இறங்கி வந்து முதலில் பார்த்தது தன் லாரியைத்தான். இவர் என்ன செய்தார் தெரியுமா, நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். ஒரு கை பிடித்துக் குதிரையை நிறுத்த ஆளில்லை, இவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு கும்பல்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தாள். வந்தவள் ஒரு சின்னப் பெண், பால் மணம் மாறாத முகம், தோளில் அவளைவிடப் பெரிய பை. இவள் எலிக்குட்டிக்காவது வைத்தியம் பார்த்திருப்பாளா என்று அவள் காதுபடவே சொன்னேன். அவள் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, விரிசல்தான் விட்டிருக்கிறது, ஆனால் இரண்டு மாதத்துக்குக் குதிரை படுக்கவே கூடாது என்றாள். படுத்துவிட்டு எழும்போது மொத்த பாரமும் பின்னங்காலில் விழும், விரிசல் முறிவாகிவிடும், முறிந்தால் அப்புறம் ஊசி போட்டு ஒரேயடியாக அனுப்பிவைப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டாள். மேலேயிருந்து வாரால் தாங்கி நிறுத்த இடம் வேண்டுமே, இந்த ஊரில் அவ்வளவு பலமான உத்தரம் உன் சித்தப்பாவின் கார் பட்டறையில்தான் இருக்கிறது. அங்கேதான் கொண்டுபோனோம். நீ அன்றைக்குத்தான் கூப்பிட்டாய். வலியோட வெச்சிக்கிட்டு இருக்கறது பாவம்மா, ஊசியப் போட்டு அனுப்பிடுங்க என்று சொன்னாய். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொல்லாதே, உன் மனசு என்ன கல்லா என்று கேட்டு ஃபோனை வைத்தேன். அதற்கப்புறம் குதிரைகளும் கருணையும் என்று ஏதோ ஒரு கட்டுரையை வேறு உன் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாய், அதை நான் படிக்கவில்லை, தலைப்பைப் பார்த்ததே போதும் என்று இருந்தது.

உன் சித்தப்பாவின் புத்திசாலித்தனத்தைக் கேள். பழைய கார்களின் சீட் பெல்ட்டுகளைச் சேர்த்து லாரித் தார்ப்பாயில் வைத்துத் தைத்து நல்ல வாராகத்தான் செய்தார், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்ஜினைத் தூக்கும் சங்கிலியில் மாட்டி, கார் தூக்குகிற பழக்கத்தில், நாலு காலும் தரையை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் இழுத்துவிட்டார். டயரே தரையில் படாவிட்டால் பாரமே இருக்காதாம், நல்ல ரெஸ்ட்டாம். மாப்பிள்ளை அந்தரத்தில் ஆடிக்கொண்டே ஒரு உதை விட்டது, யாரோ பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்த காரின் முன்கண்ணாடி போயிற்று. அந்தச் சின்னப் பெண் ஓடிவந்து, இது என்ன ஆயில் மாத்த வந்த வண்டியா, காலு நாலும் தரையில இருக்கணும், வாரு சும்மா தாங்கிக்கிட்டு இருந்தா போதும் என்று திட்டிய திட்டில் உன் சித்தப்பா சங்கிலியைக் கடகடவென்று இறக்கினார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் பட்டறை பட்டறையாகவா இருந்தது, வேலைவெட்டி இல்லாதவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். காரை விட வந்தவர்கள் குதிரையோடு செல்ஃபி எடுத்தார்கள். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் தினமும் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரத்த ஓட்டம் முக்கியம் என்பார், என்னவோ மற்றவர்களெல்லாம் அது வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஒரு மகராசி பாவம் என்று ஒரு பொட்டலம் ரொட்டியை ஊட்டிவிட்டுப் போக, நடையில்லாத வயிறு உப்பிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவஸ்தை. உன் அப்பாவோ சவாரியை மறந்து, என்னை மறந்து, அங்கேயே குடியிருந்தார். காயத்தைக் கழுவுவதும், வார் உராய்ந்த இடத்தில் களிம்பு தடவுவதும், அதற்குப் பேப்பர் படித்துக் காட்டுவதும் என்று ஒரே உபசாரம். எனக்கு டைபாய்டு வந்தபோது தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காய்ச்சலே இல்லை என்று சொன்ன மனுஷர் இவர். குதிரைக்கு ஒரு முடி உதிர்ந்தால் டாக்டருக்கு ஃபோன். புல் அறுத்தது யார், சாணியை அள்ளியது யார், மருந்தைத் தவிட்டில் பிசைந்து ஏமாற்றி ஊட்டியது யார் என்று மட்டும் கேட்காதே.

போன வாரம் மறுபடியும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு ஒட்டிவிட்டது, வாரைக் கழற்றலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை. கழற்றினோம். பட்டறைக்குப் பின்னால் வைக்கோல் பரப்பிய கொட்டகையில் மெல்ல நாலடி நடந்தது. உன் அப்பா அதற்கும் அழுதார். டாக்டர் கை கழுவ முன்பக்கம் போனாள், உன் சித்தப்பா எவனோ ஹாரன் அடித்தான் என்று போனார். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மாப்பிள்ளையின் முன்முட்டி மடங்கியது, அப்படியே தொப்பென்று பக்கவாட்டில் விழுந்துவிட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டது, கண் மூடிக்கொண்டது, காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம். இரண்டு மாதமாக எதற்குப் பயந்தோமோ அது நடந்துவிட்டது. உன் அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு காருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பையோடு ஓடிவந்தாள். யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆக வேண்டும், நான்தான் சொன்னேன். ஊசியப் போட்டுடும்மா, வலியோட வெச்சிக்கிட்டு இருக்கறது பாவம் என்று சொன்னேன்.

அவள் பையைத் திறக்கவில்லை. மண்டியிட்டு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், காலை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா, இது தூங்குதும்மா, ரெண்டு மாசமா நின்னுகிட்டே கண்ண மூடினதுதான், படுத்தாதான் இதுங்களுக்கு முழுத் தூக்கம், கனவுகூட காணுது பாருங்க, அதான் காலு ஆடுது என்றாள். அந்தத் தொண்டைச் சத்தம் குறட்டை. ஆனால் எழுந்திருக்கிறதுதான் பரீட்சை, அதுவா எழுந்திருக்கட்டும், யாரும் கிட்டப் போகாதீங்க என்று எச்சரித்தாள். உன் சித்தப்பா காற்றடிக்கும் மெஷினை நிறுத்தினார், வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார், வாத்தியார்கூட வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்றால் பார்த்துக்கொள். சாயங்காலம் ஆகிவிட்டது கண் விழிக்க. முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை உதைத்து எழப் பார்த்தது, முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது தடவை எழுந்தது. எழுந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, உன் சித்தப்பா அங்கே கழற்றி வைத்திருந்த கியர்பாக்ஸ் மேல் நிதானமாக மூத்திரம் பெய்தது. அவர் அதற்குக் கைதட்டினார்.

இனி அது வண்டி இழுக்கக் கூடாதாம், லேசாக நொண்டும். ஆக, மாப்பிள்ளை இனிமேல் நிஜ மாப்பிள்ளை. உன் அப்பா பட்டறையில் டயருக்குக் காற்று பிடிக்கிறார், பாதி டயர்களில் காற்று நிற்பதில்லை என்று கேள்வி. இதையெல்லாம் எழுதுவதற்கு நான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கவில்லை. ஊசியைப் போடு என்று நான் சொன்ன வார்த்தை இருக்கிறதே, அது நீ ஃபோனில் சொன்ன அதே வார்த்தைதான். சொன்ன பிறகுதான் தெரிந்தது, கல் மனசு இருப்பவர்கள் சொல்கிற வார்த்தை இல்லை அது என்று. நான் உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை, அம்மாக்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் நான் அதைச் சொன்னபோது, இல்லம்மா தூங்குது என்று சொல்ல அந்தச் சின்னப் பெண் பக்கத்தில் இருந்தாள். நீ சொன்னபோது உனக்கு இருந்தது நான் ஒருத்திதான், நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பேன், எடுத்ததும் திட்டுவேன், அதற்காக நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைத் திட்ட உரிமையுள்ள,
அம்மா