பஸ்ஸருக்கு நீ கொடுத்த கால்

என் ஆருயிர் மச்சானே,

மேலே சுகம்தானா? ஆரியசாலையில் நம் கடையின் மாடிப்படி ஏறுவதற்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. நீ செய்வாய், நான் விற்பேன் என்றுதானே பேச்சு? வாய் மட்டும் உள்ளவனை உன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டாய். இது நியாயமா?

கழக்கூட்டம் ஃப்ளாட் சங்கதி கேள். புதுசாக போர்வெல் போட்டார்கள். அதை எந்த மூலையில் போடுவது என்ற சண்டையில் கமிட்டித் தலைவருக்கும் மூன்றாம் மாடி அம்மாவுக்கும் பேச்சே நின்றுபோயிற்று. தண்ணீர் மெதுவாகத்தான் ஏறுகிறது. நாம் அங்கே மாட்டிக்கொடுத்த மோட்டார் பெட்டியோ, தண்ணீரே இல்லை என்று நினைத்து மோட்டாரை அணைத்துவிடுகிறது. செக்ரட்டரி போனில் திங்கட்கிழமை வரை கெடு வைத்துவிட்டார்: "திங்களாழ்ச்ச வரை நோக்காம், சேட்டா. அது கழிஞ்சா எல்லா பிளாக்கிலும் வேற கம்பெனி பெட்டிதான், கேட்டோ." அந்த வாடிக்கை போனால் கடையை மூட வேண்டியதுதான்.

மாற்ற வேண்டியது உன் புரோகிராமில் ஒரே வரி, மோட்டாரை அணைக்குமுன் பெட்டி காத்திருக்கும் நேரம். பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். உள்ளே போர்டின் ஓரத்தில், கம்ப்யூட்டரிலிருந்து சிப்புக்குக் கம்பி கொடுக்க ஐந்து ஓட்டை. ஒன்றுக்கும் பெயர் இல்லை. "நம்மளத் தவிர எவன் கம்பியச் சொருகப்போறான்?" என்பாயே. மீட்டரை வைத்துத் தடம் பிடித்தேன்: பவர், எர்த், டேட்டா, கிளாக், ரீசெட். ரீசெட்டுக்குத்தான் பக்கத்தில் பொத்தான் இருக்கிறதே என்று மற்ற நாலிலும் கம்பி சொருகினேன். போர்டு கீச்சென்றது. கம்ப்யூட்டரோ, சிப்பே இல்லை என்றது. கழற்றினேன், மாட்டினேன், திட்டினேன். முதலில் சிப்பை, பிறகு உன்னை.

இதே கம்பிகள் வழியாகச் சிப்பை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கலாமாம். உனக்கும் அப்படி நாலு ஓட்டை இருந்திருந்தால், "வெறும் வாயுதான்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாயே, அன்றைக்கே எட்டிப் பார்த்திருக்க மாட்டேனா?

அப்போதுதான் உன் தங்கை கோமதி சாப்பாட்டோடு வந்தாள்.

"என்ன, ஒரு கைய சும்மா வச்சிருக்கீங்க? அண்ணன் இதச் செய்யும்போது ஒரு விரல் அந்தப் பொத்தான்லல்லா இருக்கும்! நான்தான் டீய வாயில ஊத்துவேன்."

"உங்கண்ணனுக்கு அம்புட்டு சோம்பேறித்தனம்."

"அமுக்கித்தான் பாருங்களேன். வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல."

அமுக்கினேன். அமுக்கியபடியே கனெக்ட் கொடுத்துவிட்டு விரலை எடுத்தேன். கம்ப்யூட்டருக்குச் சிப் கிடைத்துவிட்டது!

அப்புறம்தான் உன் திருவிளையாடல் புரிந்தது. சிப்பில் கால் பற்றாமல், டேட்டா காலையே அந்தக் கீச்சிடும் பஸ்ஸருக்கும் கொடுத்திருக்கிறாய், மகராசா. சிப் விழித்ததும் அந்தக் கால் கூவப் போய்விடுகிறது. கம்பிக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ரீசெட்டை அமுக்கிப் பிடித்தால்தான் உன் புரோகிராம் தொடங்காமல் கால் நமக்கு மிஞ்சும். கோமதியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பெட்டியிலும் நேரத்தைக் கூட்டி மாட்டியாயிற்று. மேல்தொட்டி நிறைவதைப் பார்த்த செக்ரட்டரி, "இனி கேடு வந்தா ஆரு வரும், சேட்டா?" என்றார். "நான்தான்" என்றேன். சொன்னதுமே முட்டி இரண்டும் வலித்தது. வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த முறை போர்டு அடிக்கும்போது ஐந்து ஓட்டைக்கும் வெள்ளை எழுத்தில் பெயர் போடுவேன். பஸ்ஸருக்கு வேறு கால் கொடுப்பேன். நானும் அங்கே கிளம்பி வந்தபிறகு இந்த நாற்காலியில் உட்காருகிறவன் எவனோ, நம் இருவரையும் சேர்த்துத் திட்டக் கூடாது. இது சத்தியம், மச்சான்.

உன் கூட்டாளியும்
உன் தங்கச்சி புருஷனுமான நான்