தப்பு சொல்வது யார் முறை

ஜூலை 8, செவ்வாய், மாலை 6.15. மழை. ஒன்பதாம் வகுப்பு டியூஷன், இரண்டாவது பேட்ச். வந்தவர்கள் 19.

நவி மும்பை வாஷி ஆபீஸிலிருந்து தாராவி வருவதற்குள் முழங்கால் வரை ஈரம். வகுப்பு பிரமாதம். கணக்கைப் போட்டதும் ஒருவர் தப்பான விடை சொல்கிறார். "நல்ல தப்பு" என்கிறேன். ஏன் தப்பு என்று மற்றவர்கள் அலசுகிறார்கள். ஒரே மாதத்தில் யோசிக்கப் பழகிவிட்டார்கள். பெருமைதான், ஒளிப்பானேன்.

டியூஷன் நடத்தும் அண்ணாச்சிக்கு மட்டும் முறைப்பு. "நோட்ஸ் எங்க தம்பி? தாய் தகப்பன் கேக்காவ." வெள்ளியன்று வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் எனக்குப் பதில் வேறு ஆள்.

ஜூலை 10, வியாழன்.

முதல் பேட்ச் முடிந்து கீழே டீ குடித்துவிட்டுப் படியேறும்போது மேலே பேச்சு.

"இன்னைக்கு தப்பு சொல்லது யாருல?" இசக்கியின் குரல்.

"நேத்து நான் சொல்லிட்டேன். இன்னைக்கு மெர்சி நம்பர்."

"எனக்கு சரியான விடை தெரியுமே." மெர்சி.

"தெரிஞ்சா என்னட்டி?" மறுபடி இசக்கி. "மைனஸை விட்டுட்டு சொல்லு. மைனஸ் தப்புன்னா சாருக்கு உயிரு."

சிரிப்பு. அப்படியே நின்றுவிட்டேன். முதல் பேட்ச், அந்த ஐந்து மணி பேட்ச், இறங்கும்போது இவர்களிடம் கணக்கைச் சொல்லிவிட்டுப் போகிறது. இரண்டு பேட்சுக்கும் ஒரே கணக்கு போட்டது நான். இன்ஜினியராம்.

உள்ளே போனேன். மெர்சி மைனஸை விட்டாள். "நல்ல தப்பு." என் வாய் தானாகச் சொன்னது.

ஜூலை 11, வெள்ளி. மழை விடவில்லை.

கடைசி பெஞ்சில் அண்ணாச்சி. புதுக் கணக்கு போட்டேன்: இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போது பெருக்கற்பலனைவிடப் பெரிது?

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மெர்சி எழுந்தாள்.

"சார், இது அஞ்சு மணி பேட்சுக்குப் போடலையே."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "அப்ப இத்தன நாளு நாடகமா தம்பி?"

நான் பதில் சொல்வதற்குள் இசக்கி: "நீங்கதான அண்ணாச்சி மொத நாளே சொன்னிய, பிள்ளைங்க பேசலன்னா சாரை மாத்திருவேன்னு. இவரு அடிக்க மாட்டாரு. அதான் எல்லாரும் பேசி வச்சோம்."

ஒரு மாதமாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கணக்கை அல்ல, என்னை.

அண்ணாச்சி குடையை எடுத்தார். "ஒரு வாரம் பாரு. அப்புறம் நோட்ஸ்தான்."

செய்ய வேண்டியது:

1. இரண்டு பேட்சுக்கும் வேறு வேறு கணக்கு.
2. "நல்ல தப்பு" கிடையாது. சரியோ தப்போ, "எப்படி வந்துது?" மட்டும்.
3. இசக்கியிடம் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அதற்கும் முறை போடுவார்கள்.
4. திங்களன்று எனக்கே விடை தெரியாத கணக்கு ஒன்று. போர்டில் நான் திணறுவதைப் பார்க்கட்டும்.