மூக்குச் சுளிப்பு

ஜன. 5, வியாழன்

தில்லி மூடுபனி. 7.40 பஸ் வரவே இல்லை. ஓ.டி.யில் மூன்று ஆபரேஷன். மாஸ்க் நாடா இரண்டு அறுந்துவிட்டது. தையல்காரரிடம் சொல்ல வேண்டும்.

என் கீழே வேலை பார்க்கும் நர்ஸ் விமலாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. வேலை நிரந்தரம் இல்லை, பத்தாம் தேதியோடு சரி. என் ரிப்போர்ட்தான் காரணம். "வேலை சுத்தம், மேலதிகாரியிடம் மரியாதை இல்லை." எழுதியது நியாயம்தான். டீ ரூமில் மாஸ்க்கை இறக்கியதும் நான் எதைச் சொன்னாலும் மூக்கைச் சுளித்து, வாயைக் கோணிப் பழிப்பு. ஒன்றரை வருஷம் பொறுத்தேன். திமிர் பிடித்த கழுதை.

ஜன. 8, ஞாயிறு

நல்ல வெயில். ரஜாய்ப் போர்வையைக் காயப்போட்டேன். உளுந்து, வெந்தயம் வாங்க.

இவர் வைத்த ரசம். ஒரு வாய்தான் சாப்பிட்டேன்.

"என்ன குறை கண்டுட்டே?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"வாயால வேற சொல்லணுமா? அதான் மூஞ்சியச் சுளிக்கிறியே."

மாலதி சிரித்தாள். "அம்மா எப்பவும் அப்படித்தான்பா. தூங்கறச்சேகூட. அச்சா, உனக்கே தெரியாதாம்மா?"

கண்ணாடி முன் நின்றேன். உற்றுப் பார்த்தவரை ஒன்றுமில்லை. தலை வார ஆரம்பித்ததும் வந்தது. மூக்கு சுருங்கி மேலேறியது, வாய் இடப்பக்கம் கோணியது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை.

க்ளவுஸ் போட்ட கையால் முகத்தைத் தொடக்கூடாது. மாஸ்க் சரிந்தால் மூக்கைச் சுளித்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்.

விமலாவுக்கும் அதே மாஸ்க், அதே வேலை.

ஐயோ. அந்தப் பெண் பழிக்கவே இல்லை.

இவர்தான் இத்தனை நாள் என்ன நினைத்திருப்பார்? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜன. 9, திங்கள்

மேட்ரனிடம் ரிப்போர்ட் தப்பு என்றேன். எழுதியும் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப் க்யா ஹோகா, சிஸ்டர்? இனிமே என்ன ஆகும்? அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு" என்றாள். விமலா லீவ். முகத்தைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம்.

ஜன. 11, புதன்

குளிர். தலைவலி. அரை நாள் லீவ் போட்டு முனிர்காவில் விமலா வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. விமலா டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாளை ரயிலாம், நாகர்கோவிலுக்கு. அங்கே அவள் சம்பளத்தை நம்பி அம்மாவும் இரண்டு தங்கைகளும்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. நீ வேணும்னு செய்யலன்னு இப்பதான் புரிஞ்சுது. மன்னிச்சுக்கோ."

சொல்லும்போதே என் மூக்கு சுளித்துக்கொண்டது. வாயும் கோணியது. கையால் மூடிக்கொண்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். கயிற்றைக் கீழே போட்டாள்.

"இப்பமும் பழிப்புக் காட்டுதீங்களே சிஸ்டர். வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் என்னப் பழிச்சீங்க. நான் யாருகிட்டயாவது எழுதிக் குடுத்தேனா?"