மெயின் சுவிட்சில் அம்மாவின் கை

கடைமுன் அஞ்சடி நடைபாதையில் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாடை இன்னும் கடைக்குள் அடிக்கிறது. குங்குமம் அப்பிய விதைகள் கதவுவரை தெறித்துக் கிடக்கின்றன. பெருக்கிவிட மனம் வரவில்லை, அந்தச் சிவப்பைப் பார்க்கவும் முடியவில்லை. ஆயுத பூஜை வந்தாலே உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. செத்துப்போனவனிடம் கோபித்துக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

நீ கை நீட்டுகிறவன். பாடாங் செராயில் நாம் இருவரும் இந்தக் கணினிக் கடையைத் திறந்த நாளிலிருந்தே அப்படித்தான். கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து "தானா கெட்டுப்போச்சு அண்ணே" என்று சொல்கிறவர்களிடம் மேசையைத் தட்டுவாய். "எந்த மிஷினும் தானா கெட்டுப் போவாது. யாரோ கெடுத்திருக்காங்க." உன் அம்மா கடைக்கு வரும்போதெல்லாம் இதைக் கேட்டுச் சிரிப்பார். சங்கிலிக்காரன் வந்ததும் நினைவிருக்கும். கழுத்தில் தடித்த சங்கிலி போட்டிருந்ததால் நாம் வைத்த பெயர் அது. திருட்டுக் கைப்பேசிகளை ஒரு பையில் கொண்டுவந்து பூட்டைத் திறந்து தரச் சொன்னான். வேறு கடையைப் பார் என்று அனுப்பியிருக்கலாம். நீ அறைந்தாய். பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அறைந்தாய்.

அவன் ஆட்களோடு திரும்பி வந்த பகலில் நான் சாமான் வாங்கக் கூலிம் போயிருந்தேன். நடந்ததை நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாய். எல்லார் தலையிலும் ஹெல்மெட், கையில் பாராங் கத்தி. முதல் வெட்டு கணினித் திரையைப் பிளந்தது. அடுத்த வெட்டைத் தடுக்க நீ இடது கையைத் தூக்கினாய். உன் விரல்கள் தரையில் கிடந்ததை நீயே பார்த்தாய். விழுந்தவனை முதுகில் மிதித்தார்கள். மின்சாரம் போனால் கணினிகளைச் சற்று நேரம் தாங்குகிற யூபிஎஸ் பெட்டியைத் தூக்கி உன் முட்டியில் போட்டார்கள். முட்டியும் உடைந்தது, பெட்டியும் உடைந்தது. கடைசியில் சங்கிலிக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றி, "இப்ப அறைடா பாப்போம்" என்று உன் முகத்தில் துப்பினான்.

இதைச் சொல்லிவிட்டு, தையல் போட்ட உதட்டோடு நீ சிரித்தாய். "நம்ம கடை கேமராவுக்கு நேரா நின்னு கழட்டினான்டா. மாட்டுனான் லா."

வேறு சாட்சி இல்லை. காப்பிக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்து கழிவறைக்குள் இருந்தார்களாம். அந்தக் கடையில் இருப்பது ஒரே கழிவறை. சங்கிலிக்காரனைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. அவனோ அன்றைக்குச் செர்டாங்கில் ஒரு கல்யாண வீட்டில் இருந்ததாக ஆள் சேர்த்துவிட்டான். ஆகவே அவனை உள்ளே தள்ள நம்மிடம் இருந்தது அந்தப் பதிவு மட்டும்தான்.

பதிவு எங்கே இருந்தது என்று நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். நம் பெரிய கணினிக்குள் நீ ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, கேமராவில் படம் பிடிப்பதெல்லாம் அதற்குள் போகும்படி செய்திருந்தாய். கணினிக்குள் இன்னொரு கணினி. அதன் வன்வட்டு முழுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெரிய கோப்பு. அந்தக் கோப்பு வீங்கி வீங்கி இருந்த இடத்தையெல்லாம் அடைத்து, உன்னை வெட்டிய அன்று மாலையே உறைந்து நின்றுவிட்டது. "நான் வர்ற வரைக்கும் அதத் தொடாத" என்றாய். நானும் தொடவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையிலேயே கட்டுப்போட்ட கையோடு கடைக்கு வந்துவிட்டாய். பதிவைத் திறக்கப் போனால் கணினி மறுபடி மறுபடி உறைந்தது. உள்ளே இருந்த பழைய பதிவுகளை ஒற்றைக் கையால் தட்டித் தட்டி அழித்தாய். ஆனால் உள்ளே அழிப்பதால் மட்டும் வெளியே இடம் திரும்பாது. வீங்கிய கோப்பைச் சுருக்க வேண்டும். சுருக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் துண்டு துண்டாக இடம் மாறும். பாதியில் நின்றால் எந்தத் துண்டு எங்கே என்று அந்தக் கணினிக்கே தெரியாது. முதலில் புது வட்டு வாங்கி ஒரு நகல் எடுத்துக்கொள்வோம் என்றேன்.

"இன்னிக்குப் போய் வட்டுத் தேடிக்கிட்டு இருப்பியா? சுருக்கிட்டா போதும்டா. மத்தியானமே போலீஸ் பாலாய்ல கொண்டு குடுத்துரலாம்."

சுருக்கும் வேலையை ஓடவிட்டு, பூசணிக்காயும் எலுமிச்சையும் பூவும் வாங்கப் போனோம். நீ நொண்டிக்கொண்டே வந்தாய். அந்த நேரத்தில் அம்மா சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு லூனாஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்திலிருந்து அவருக்கு ஒரே முறைதான். ஆயுத பூஜையன்று கத்தியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டால், மறுநாள்வரை அதற்கு வேலை கொடுக்கக் கூடாது. நாம் திரும்பியபோது கடை இருட்டாக இருந்தது. கணினியின் விசிறிச் சத்தம் இல்லை.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டேன்பா," என்றார் அம்மா, விரலில் சந்தனத்தோடு. "ஒண்ணு மட்டும் இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மெயினையே அடச்சிட்டேன். இன்னிக்கு அதுங்களுக்கும் லீவு லா."

உன் முகத்தை நான் பார்த்தேன். பூசணிக்காயில் கற்பூரத்தை ஏற்றினாய். அதை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கி, யாருடைய மண்டையையோ உடைப்பதுபோல் அஞ்சடியில் அடித்தாய். பக்கத்துக் கடைக் கண்ணாடியில் சிவப்பு தெறித்தது. உன் கட்டு நனைந்து அதிலிருந்தும் சிவப்பு சொட்டியது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து கணினியை எழுப்பினோம். வட்டைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தோம். கடைசியில் மீண்டு வந்தது ஒரு துண்டுச் சுவரும், ஒரு ஹெல்மெட்டின் பின்பக்கமும். முகம் இல்லை. நீ அந்த உடைந்த யூபிஎஸ் பெட்டியை எடுத்துக் கணினியை அடித்தாய், மேசையை அடித்தாய், அலமாரிக் கண்ணாடியை அடித்தாய். கட்டிப்பிடிக்க வந்த என்னையும் அடித்தாய். என் புருவத்தில் அந்தத் தழும்பு இருக்கிறது. பிறகு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நான் என்றும் கேட்டிராத குரலில் சொன்னாய்.

"அம்மாவுக்குத் தெரியவே கூடாதுடா. என்னைய வெட்டுனதக்கூட அது தாங்கிக்கிச்சு. இதத் தாங்காது."

போலீஸ் பாலாயில், "நான்தான் சுருக்கும்போது கெடுத்துட்டேன்" என்று பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய். "புக்தி தா அடா" என்றார் அதிகாரி. சான்று இல்லையென்றால் அவர்தான் என்ன செய்வார். அம்மாவிடம், மிஷின் பழசு, தானாகவே போய்விட்டது என்றாய். உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே எனக்குச் செருப்படிபோல இருந்தது.

சங்கிலிக்காரன் வெளியே வந்தான். மழை விட்ட ஒரு சாயங்காலம், நீ லூனாஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த செம்பனைத் தோட்டப் பாதையில், உன் மோட்டார் சைக்கிளைக் காரால் இடித்துத் தள்ளி, வாய்க்காலுக்குள் இறங்கி வெட்டினார்கள். உன்னை அடையாளம் காட்ட நான்தான் போனேன். அங்கே பார்த்ததை எழுதமாட்டேன். இந்த முறை ஒரு லாரிக்காரர் பார்த்தார், பயப்படாமல் வந்து சொன்னார். அவன் இப்போது சிறையில் இருக்கிறான். நீதிமன்றத்தில் அவன் கழுத்தைப் பார்த்தபோது, என் கையில் ஒரு பாராங் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அதையேதான் செய்வேன்.

அம்மா வருடம் தவறாமல் பூஜைக்கு வருகிறார். ஒரே கேள்வியைத்தான் கேட்பார், நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். இன்று காலையும் கேட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டரு கெடாம இருந்திருந்தா, அவன அன்னிக்கே உள்ள தள்ளியிருப்பாங்கல்ல தம்பி?"

"பழைய மிஷின்மா. தானா போச்சு."

வழக்கமாக அதோடு விட்டுவிடுவார். இன்று சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "எந்த மிஷினும் தானா கெட்டுப் போவாதுன்னு அவன் சொல்லுவானே."

அவர் ஒவ்வொரு கணினிக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்து மெயின் சுவிட்சின் முன்னால் நின்றார். கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"உள்ள எதும் ஓடலயே?"

இதுவரை அவர் இப்படிக் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் நானே அணைத்துவிட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நீயே அடச்சிடுப்பா," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துச் சுவிட்சின்மேல் வைத்தேன். அதன்மேல் என் கையை வைத்து அழுத்தினேன். பிறகு பூசணிக்காயை எடுத்துக்கொண்டு போய், உன்னைப்போலவே ஓங்கி அடித்தேன். அம்மா இந்த முறை கண்ணை மூடவில்லை.

நீ சொல்லாதே என்றதை நான் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. இத்தனை வருடம் உன் பொய்யை நான் ஒருவனாகச் சுமந்தேன். இன்று காலையிலிருந்து இரண்டு பேர் சுமக்கிறோம்.