தட்டில் சரியாக உட்காராத போன்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அச்சில் குமிழி. மூன்று நாளில் இது நாலாவது. பல் செட்டுக்கு அச்சு ஊற்றும்போது ஜிப்சம் மாவுக் கலவையை அதிர்வு மேடையில் வைத்து ஆட்ட வேண்டும், அப்போதுதான் உள்ளே மாட்டிய காற்று மேலே வரும். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை. இப்போது அந்த மேடையின் சுவிட்சைத் தொடக் கை வரவில்லை. ஓடவிட்டால் மேசைமேல் கிடக்கிற போன் வைப்ரேட்டில் அடிப்பது மாதிரியே உறுமுகிறது. அதனால் கையாலேயே தட்டித் தட்டி ஊற்றுகிறேன். முதலாளியம்மா அச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது பல்லு அச்சா, தேன்கூடா? ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்களே" என்றார்.

லீவு எடுத்து வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? அண்ணன் போய் இன்றோடு இருபது நாள்.

மார்ச் 4, புதன்

சாயங்காலம் பொடிசு வந்தாள். அண்ணன் மகள். இருபத்தாறு வயசாகிறது, அவன் வைத்த பேர் மட்டும் மாறவேயில்லை. வந்ததும் வராததுமாக அலமாரியைத் திறந்து சார்ஜ் தட்டை எடுத்தாள். கையோடு ஒரு ஸ்கேலும் பென்சிலும் கொண்டுவந்திருந்தாள். அவள் போனைத் தட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மேசையில் கோடு போட்டாள்.

"பாருங்க அத்தை. நடுவுல வைச்சா ஏறுது. ஒரு விரல் அகலம் தள்ளினா விளக்கு அணைஞ்சிடுது. அன்னிக்கு இப்படித்தான் தள்ளி இருந்திருக்கும்."

"இருக்கும்டி."

போன பிறந்தநாளுக்கு அவள் வாங்கித் தந்தது அந்தத் தட்டு. என் போனில் ஒயர் குத்துகிற ஓட்டை முழுக்க வேலையிடத்து மாவுத்தூள். ஊசி வைத்து நோண்டினாலும் ஒயர் நிற்காது. "இனிமே குத்தவே வேண்டாம் அத்தை, சும்மா மேல வைச்சா போதும்" என்று எத்தனை சந்தோஷமாகக் கொடுத்தாள்.

இன்றைக்குச் சொல்கிறாள்: "நான் இத வாங்கித் தராம இருந்திருந்தா உங்க போன் அணைஞ்சிருக்காது. அப்பா கூப்பிட்டப்ப நீங்க எடுத்திருப்பீங்க. நான்தான் அத்தை அப்பாவ..."

அப்படியெல்லாம் பேசாதே என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

அந்தத் தட்டு நல்ல பொருள். எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும் போல இருந்தது, எழுதிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதித் தொலை. இந்த நோட்டை யார் வந்து படிக்கப் போகிறார்கள்?

அன்று புதன்கிழமை. தலைவலி என்று மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். போனைத் தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். நடுவில்தான் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. எண்பதுக்கு மேல் ஏறியிருந்தது.

காலையிலிருந்து அண்ணன் நாலு தடவை கூப்பிட்டிருந்தான். டிவியில் கீழே எழுத்து ஓடுகிறது, எந்தப் பட்டனை அமுக்க என்று ஒரு தடவை. எழுத்து போய்விட்டது என்று சொல்ல ஒரு தடவை. மறுபடி வந்துவிடுமா என்று ஒரு தடவை. நான் ஏன் எரிந்து விழுகிறேன் என்று கேட்க இன்னொரு தடவை. அண்ணி அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். தனியாக இருந்தால் அவனுக்குப் பொழுது போகாது.

இரண்டு நாற்பதுக்கு அவன் பேர் வந்தது. போன் தட்டின்மேல் உறுமிக்கொண்டே நகர்வதைப் பார்த்தபடி படுத்திருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை கையை நீட்டிப் போனைக் குப்புறப் போட்டேன். 'இவனுக்கு வேறு வேலை இல்லை' என்று நினைத்தேன். முதுகு தட்டில் படவில்லை, விளக்கு அணைந்தது. நன்றாகத் தூங்கினேன்.

ஐந்து மணிக்கு அண்ணி திரும்பி வந்து பார்த்தபோது குளியலறை வாசலில் கிடந்தானாம். கையில் போன். என் வீடு இரண்டு தெரு தள்ளி. அவன் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம்தான் இருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறான் — வேறு யாரையும் இல்லை, என்னை.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருப்பான் என்றோ, பிழைத்திருக்க மாட்டான் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பொடிசு அங்கேதான் ஓடிவந்தாள். "உங்களுக்கு மூணு தடவை கூப்பிட்டிருக்காரு, ஏன் அத்தை எடுக்கல?" என் வாய் தானாகத் திறந்தது. "போன் செத்துக் கிடந்ததுடி. தட்டுல சரியா உக்காரல போல."

யார் வாங்கித் தந்த தட்டு என்று அந்த நிமிஷம் எனக்கு நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை.

மார்ச் 11, புதன்

பொய்க்குக் கால் முளைத்துவிட்டது. பெரிய மாமா போன் செய்து, "வயர்லெஸ்னு பேரு, பின்னாடி ஒரு வயரு தொங்குது! போன் சுடுது, மெதுவா ஏறுது, தள்ளி வைச்சா ஏறவே மாட்டேங்குது. உயிர் போற சமாச்சாரமாயிடுச்சே" என்று எனக்கே பாடம் எடுத்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லாரும் தங்கள் சார்ஜ் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அவர் சொன்னதில் பாதி நிஜம்தான். ஆனால் என் மாதிரி மாவுக்குள் கிடக்கிறவளுக்கு அதைவிட உபயோகமான சாமான் கிடையாது.

எப்படிச் சொல்வேன்? நானும் ஒயருக்கே திரும்பிவிட்டேன். காலையில் ஓட்டையை நோண்டி, ஒயரைச் சாய்த்து, ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டுகிறேன். பேண்ட் நழுவினால் அவ்வளவுதான். இன்று பதினொரு மணிக்குப் போன் நிஜமாகவே அணைந்துபோனது. அண்ணி இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

மூன்று சிவப்பு வரிகள் இன்னும் போனில் இருக்கின்றன. அழிக்கப் போவேன், விரல் நின்றுவிடும்.

மார்ச் 14, சனி

அண்ணி அழுதுகொண்டே பேசினார். பொடிசுக்கு வெளிநாட்டுக் கிளையில் இரண்டு வருஷ வேலை வந்ததே, அதற்கு மாட்டேன் என்று சொல்லப் போகிறாளாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலை வந்ததை அண்ணன் முடிவெட்டுகிறவரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தான்.

"என் கைபட்டா எல்லாம் இப்படித்தான் ஆகுதுன்னு சொல்றா. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து என் போன்ல சார்ஜ் இருக்கான்னு பாக்குறா. தூக்கமே இல்ல. நீ சொன்னா கேப்பாம்மா. நீ ஒரு வார்த்தை பேசு."

நான் சொன்னால் கேட்பாள். அதுதானே வினையே.

மார்ச் 15, ஞாயிறு, காலை

போகணும். போனா சொல்லணும். சொன்னா அவ என் மூஞ்சில முழிப்பாளா? எனக்குன்னு யாரு இருக்கா அவள விட்டா? புருஷனா, பிள்ளையா? ரெண்டு வருஷம் போகாட்டி என்ன, இங்கயே இருக்கட்டுமே, வாராவாரம் வருவாளே —

சீ. என்ன மனுஷி நான்.

அதே நாள், சாயங்காலம்

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல் போனை அவள் கையில் கொடுத்து அந்த மூன்று வரியைக் காட்டினேன்.

"ஆன்ல இருந்துச்சா?"

"ஆமா."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"கை எட்டுற தூரத்துல."

"அப்பா பேரு வந்தத பாத்தீங்க."

"பாத்தேன்டி. மூணு தடவையும் பாத்தேன்."

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. போனைத் திருப்பி என் மடியில் வைத்தாள். "ஒரு மாசமா நான் ஸ்கேல் வைச்சு அளந்துட்டு இருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க" என்றாள். "தட்டுல தப்பே இல்ல, அப்படித்தானே?"

"தட்டுலயும் இல்ல. உன்கிட்டயும் இல்ல."

"கிளம்புங்க."

அத்தை என்று சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி வந்து கதவைத் திறந்துவிட்டார். நான் படி இறங்கும்வரை திறந்தேதான் வைத்திருந்தார்.

மார்ச் 16, திங்கள்

அதிர்வு மேடையை ஓடவிட்டேன். அச்சில் ஒரு குமிழி இல்லை. அது உறுமி நிற்கிறவரை அழுதேன். முதலாளியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 29, ஞாயிறு

யாரும் வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணியைக் கடைத்தெருவில் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விடுவார் என்று நினைத்தேன், நின்றார். பொடிசு வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டாளாம். வழியனுப்ப என்னைக் கூப்பிடவில்லை.

"நீ வந்துட்டுப் போனதுலேருந்து நல்லா தூங்கினா. என் போனப் பாக்குறதையும் விட்டுட்டா" என்றார் அண்ணி. கொஞ்ச நேரம் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். "உன் பேச்சு வந்தா மட்டும் எழுந்து போயிடுவா. நான் என்னம்மா பண்ணட்டும்?" கேட்காமலே அவளுடைய புது நம்பரை எழுதிக் கொடுத்தார்.

தூங்கினாளாம். வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அது போதும் என்று எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டாள் என்று தெரியும். எடுக்கவில்லை. முழுசாக அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டேன். அப்போதும் அடித்தது.

அணைந்த போனுக்குக் கூப்பிட்டால் அணைந்திருக்கிறது என்று ஒரு குரல் உடனே சொல்லிவிடும். கூப்பிடுகிறவர் வேறு யாரையாவது தேடிப் போவார். அடிக்கிற போன் அப்படியில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், இதோ எடுத்துவிடுவார் என்று நிற்கத் தோன்றுகிறது. அண்ணனுக்கும் மூன்று தடவையும் இப்படி அடித்துத்தான் இருக்கிறது. நான் எடுப்பேன் என்றுதான் அவன் வேறு யாரையும் கூப்பிடவில்லை.