அவருடைய இரண்டாம் எண்

பிப்ரவரி 3

கடையில் ஆளில்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு யாரும் வராத நாளில் உட்கார்ந்து துண்டறிக்கை மடிப்பேன். இந்தத் தேர்தலில்தான் முதன்முறையாக வரிசை வாக்கு. பிடித்தவருக்கு எதிரே 1, அடுத்தவருக்கு 2 என்று எண் போட வேண்டும். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், கடைசியில் நிற்பவரை விலக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அதில் 2 வாங்கியவர்களுக்குக் கொடுப்பார்கள். இதற்காகக் கையெழுத்து வாங்கி, ஊர்வலம் போய், தொண்டை கட்டி... எத்தனை வருஷம்!

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவே இல்லை. பக்கவாதம் வருவதற்கு முன்பு, வயரிங் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் கிண்டல்தான். "ஓட்டு என்ன விருந்துச் சாப்பாடா, ரெண்டாவது தடவை பரிமாற? நான் ஒண்ணு போட்டுட்டு வந்துட்டே இருப்பேன்." கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. என்னை "எதிர்க்கட்சி" என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு.

பிப்ரவரி 9

"டீ வேணுமா?" "இல்ல." டம்ளரை எடுத்துக்கொண்டு போனால் கோபம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொன்னாள்: "உள்ள எல்லாம் தெளிவா இருக்கும்மா. ஆமாவும் இல்லையும்தான் இடம் மாறிப்போச்சு. கேள்வியை மாத்திக் கேளுங்க."

டீயையும் பாலையும் காட்டி, "இதுவா, அதுவா?" என்றேன். இடது கை விரல் டீயைத் தொட்டது. மடச்சி நான்! லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு ஊரையே இப்படித்தானே கேட்கிறேன்?

பிப்ரவரி 15

அவரால் எண் எழுத முடியாது. துணைக்கு ஒருவர் உள்ளே போகலாம் என்று விதி இருக்கிறது. மகள் வந்திருந்தாள். அவளும் என் கட்சிதான். "அப்பாவுக்கு என்னம்மா தெரியப்போகுது? நம்ம ஆளுக்கே ஒண்ணு போட்டுடுங்க. இழுபறியா இருக்கிற தொகுதி."

என்ன தெரியாது அவருக்கு? நாக்குதானே புரளல? மனுஷன் அப்படியேதானே இருக்காரு? ஓட்டும் போச்சுன்னா அவருக்குன்னு என்னதான் மிச்சம் — கத்திவிட்டேன்.

அவள் சொல்வதற்கு முன்பே அந்த நினைப்பு எனக்கும் வந்து போயிற்று. அதனால்தான் அவ்வளவு கத்தினேனோ?

பிப்ரவரி 16

மகள் போன் செய்தாள். நான் சரியாகப் பேசவில்லை.

பிப்ரவரி 22

வாக்குப்பதிவு. சவரம் செய்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். சாவடியில் ஓர் இளம்பெண் அதிகாரி. விதிப்படி அவரையே கேட்டாள்.

"ஐயா, உங்க மனைவி துணைக்கு வர்றதுக்குச் சம்மதமா?"

"இல்ல!" சத்தமாகச் சொன்னார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "அவர் ஆமான்னுதான் சொல்றார்மா" என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் எந்தக் கட்சி, அவர் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியுமே, யார் நம்புவார்கள்? "மன்னிச்சுக்கங்கம்மா. அவர் இல்லன்னு சொன்னப்புறம் உங்களை விட முடியாது." அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். இப்படிக் கறாராக இருக்க வேண்டும் என்று மேடை போட்டுப் பேசியவள் நான்தானே! அவரோ "இல்ல, இல்ல" என்று தவித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்படிக் கேக்காதீங்கம்மா," என்றேன். "நானா, நீங்களா, யார் வரணும்னு கேளுங்க. நான் தள்ளி நிக்கிறேன்."

கேட்டாள். அவர் கை என் பக்கம் நீண்டது. கெட்டிக்காரி, என்னோடு இடம் மாறி நின்று மறுபடியும் கேட்டாள். மறுபடியும் என் பக்கம்தான். கையை மடக்கவே இல்லை, நான் வந்து பிடிக்கும் வரை.

உள்ளே ஒவ்வொரு பெயராகத் தொட்டுக் காட்டினேன். மூச்சுக்கூட விடவில்லை. அவர் விரல் நேராக அவர் கட்சிக்குப் போயிற்று. 1 எழுதினேன். அவ்வளவுதான், ஒன்றோடு நிறுத்துகிறவர் ஆயிற்றே என்று சீட்டை மடிக்கப் போனேன். மடிக்க விடவில்லை. விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

உள்ளே பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாட்குறிப்பும் வெளிதான். அவருடைய 1 ஊருக்கே தெரிந்ததுதான்; 2 யாருக்கு என்று எழுதமாட்டேன்.

ஆனால் 2 என்ற எண்ணை எழுத இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிப்ரவரி 24

எண்ணிக்கை. மூன்று பேரில் அவர் கட்சிக்காரர்தான் கடைசி. முதல் சுற்றோடு விலக்கிவிட்டார்கள். அவருடைய சீட்டுகளைப் பிரித்து மற்ற இருவருக்கும் கொடுத்தார்கள். அப்படியும் கொஞ்சத்தில் என் வேட்பாளர் தோற்றுப்போனார்.

மகள் போனில் அழுதாள். "விடும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றேன். ரேடியோவை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒருவர் தோற்றால் மற்றவர் ஒரு வாரத்துக்கு வறுத்தெடுப்பதுதான் இந்த வீட்டு வழக்கம். இன்று வறுக்க ஆளில்லை. அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் சேர்ந்து தோற்றது இதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.